கையும் ஓடட்டும், காலும் ஓடட்டும்

(மனப்பதற்றமும் உடற்பயிற்சியும் குறித்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் மனப்பதற்றமும் உடற்பயிற்சியும். நாள் தவறாமல் செய்யும் உடற்பயிற்சி, பெரியவர்களின் மனப்பதற்றத்தை என்ன செய்கிறது? குறைக்கிறதா? குறைக்கிறது என்றால் எவ்வளவு? எப்படி? எந்த இடத்தில் அது போதாமல் போகிறது? இந்தக் கேள்விகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் நம் தாய்மொழியிலிருந்து தொடங்குகிறேன். அச்சம் வந்தால் நாம் என்னென்ன சொல்கிறோம்? நினைத்துப் பாருங்கள். வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்கிறோம். நெஞ்சு படபடக்கிறது என்கிறோம். குலை நடுங்குகிறது என்கிறோம். நாக்கு வறண்டுவிட்டது என்கிறோம். எல்லாவற்றுக்கும் மேலாக, கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்கிறோம். வயிறு, நெஞ்சு, குலை, நாக்கு, கை, கால். இந்தத் தொடர்கள் எதிலாவது மனம் என்ற சொல் வருகிறதா? வரவில்லை. மனத்தின் துன்பத்தை உடம்பின் சொல்லால்தான் நம் பாட்டிமார் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

தொல்காப்பியர் இதற்கு மெய்ப்பாடு என்று பெயர் வைத்தார். உள்ளத்தில் எழுவது மெய்யில் படுவதால் அது மெய்ப்பாடு. அவர் எண்ணிச் சொன்ன எட்டு மெய்ப்பாடுகளில் அச்சமும் ஒன்று. உள்ளமும் உடம்பும் இரண்டு தனித்தனி வீடுகள் என்று அவர் நினைக்கவில்லை. ஒரே வீட்டின் இரண்டு அறைகள். நடுவில் கதவு உண்டு. உள்ளத்திலிருந்து உடம்புக்குப் போகும் அந்தக் கதவு நமக்குத் தெரியும். அதே கதவு வழியாக உடம்பிலிருந்து உள்ளத்துக்குத் திரும்பி வர முடியுமா? முடியும் என்பதே இன்று நான் சொல்ல வந்த செய்தி.

நண்பர்களே, ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வயது முப்பத்தெட்டு. வீட்டுக் கடன் இருக்கிறது. இரண்டு பிள்ளைகள். அலுவலகத்தில் ஆள்குறைப்புப் பேச்சு. ஒருநாள் நள்ளிரவு இரண்டு மணிக்கு விழிப்பு வருகிறது. நெஞ்சு திக்திக்கென்று அடிக்கிறது. மூச்சு முட்டுகிறது. விரல் நுனிகள் மரத்துப்போகின்றன. ஹார்ட் அட்டாக் என்றே முடிவுகட்டி, பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பி, ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு ஓடுகிறார்கள். ஈ.சி.ஜி. எடுக்கிறார்கள், சரியாக இருக்கிறது. எக்கோ எடுக்கிறார்கள், அதுவும் சரியாக இருக்கிறது. "உங்களுக்கு ஒன்றும் இல்லை, டென்ஷனைக் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிடுகிறார்கள்.

ஒன்றும் இல்லை என்றால், அந்த இரவில் வந்தது என்ன? அந்தக் கேள்வி அவரை விடுவதில்லை. மறுநாளிலிருந்து மாடிப்படி ஏறுவதை நிறுத்துகிறார். லிஃப்டில்தான் போகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளோடு ஆடிய இறகுப்பந்து நின்றுபோகிறது. பேருந்தைப் பிடிக்க வேகமாக நடப்பதையும் விட்டுவிடுகிறார். ஏன்? வேகமாக நடந்தால் நெஞ்சு அடிக்கும். நெஞ்சு அடித்தால் அந்த இரவு திரும்பி வந்துவிடுமோ என்று பயம். தன் நெஞ்சின் ஓசைக்குத் தானே பயந்து வாழ்கிறார்.

இவருக்கு நான் பெயர் வைக்கவில்லை. ஆனால் உங்களில் பலருக்கு இவரைத் தெரிந்திருக்கும். உங்கள் அண்ணனாக இருக்கலாம். உங்கள் வீட்டுக்காரராக இருக்கலாம். நீங்களாகவே இருக்கலாம்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பதற்றம் எல்லோருக்கும் வரும். மகளின் தேர்வு முடிவு வரும் நாளில் பதறாத தாய் உண்டா? அறுவை சிகிச்சை அறை வாசலில் பதறாமல் நிற்கும் மனிதர் உண்டா? அந்தப் பதற்றம் நோய் அல்ல. காரணம் விலகியதும் அதுவும் விலகிவிடும். காரணம் போன பிறகும் போகாமல், காரணமே இல்லாமலும் வந்து, தூக்கத்தையும் வேலையையும் உறவையும் பிடுங்கிக்கொள்ளும்போதுதான் அது மனப்பதற்ற நோய் ஆகிறது.

இது எத்தனை பேருக்கு இருக்கிறது தெரியுமா? உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019ஆம் ஆண்டில் 30 கோடிப் பேருக்கு. உலகில் மிகுதியாகக் காணப்படும் மனநல நோய் இதுதான். ஆண்களைவிடப் பெண்களுக்கு மிகுதி. இவர்களில் சிகிச்சை பெறுபவர்கள் ஏறக்குறைய நான்கில் ஒருவர்தான். மற்ற மூவர்? வெளியே சொல்லாமல், கேஸ் டிரபிள் என்றும், பலவீனம் என்றும், வேண்டாதவர்களின் கண்ணேறு என்றும் வேறு பெயர் வைத்துக்கொண்டு வாழ்கிறார்கள்.

சரி, பதற்றம் வரும்போது உடம்பில் நடப்பது என்ன? இதற்கு விடை தேடிய ஒரு மனிதரைப் பற்றிச் சொல்கிறேன். அவர் பெயர் வால்டர் கேனன். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவராக இருந்தபோது, அப்போதுதான் கண்டுபிடிக்கப்பட்டிருந்த எக்ஸ்ரே கதிரைக் கொண்டு, பூனையின் வயிறு உணவைச் செரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரைப்பை அலை அலையாக அசைந்துகொண்டிருக்கும். ஆனால் பூனை மிரண்டால் போதும், அந்த அசைவு அப்படியே நின்றுவிடும். பூனை அமைதியானதும் மறுபடி தொடங்கும். பிற்பாடு, நாய் குரைக்கக் கேட்டு மிரண்ட பூனையின் இரத்தத்தைச் சோதித்து, சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி அந்த நேரத்தில் அட்ரீனலினைக் கொட்டுகிறது என்று அவரும் அவருடைய கூட்டாளியும் காட்டினார்கள். இவற்றையெல்லாம் தொகுத்து 1915இல் அவர் நூலாக வெளியிட்டார்.

வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்று நாம் சொல்வதைத்தான் கேனன் எக்ஸ்ரே திரையில் கண்டார்.

அவர் கண்ட உண்மை இதுதான். ஆபத்து வந்தால் உடம்பு இரண்டே வேலைகளுக்குத் தயாராகிறது: எதிர்த்து நிற்பது, இல்லாவிட்டால் ஓடுவது. அதற்காகத்தான் இதயம் வேகமாக அடிக்கிறது. தொடைத் தசைக்கு இரத்தம் வேண்டுமே! அதற்காகத்தான் மூச்சு வாங்குகிறது. தசைக்குப் பிராணவாயு வேண்டுமே! அதற்காகத்தான் கல்லீரல் சர்க்கரையை இரத்தத்தில் இறக்குகிறது. ஓட்டத்துக்கு எரிபொருள் வேண்டுமே! அதற்காகத்தான் வயிறு வேலையை நிறுத்துகிறது. உயிர் போகும் நேரத்தில் செரிமானம் எதற்கு? ஆக, படபடப்பு என்பது உடம்பின் கோளாறு அல்ல. உடம்பு நம்மைக் காப்பாற்ற எடுக்கும் ஆயத்தம்.

அச்சம் எங்கிருந்து பிறக்கிறது என்று தொல்காப்பியர் நான்கு இடங்களைச் சொல்கிறார்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. விலங்கு வந்தால் ஓடலாம். கள்வர் வந்தால் எதிர்த்து நிற்கலாம். ஆனால் மாதத் தவணைக்கான குறுஞ்செய்தி வந்தால் எங்கே ஓடுவது? இரவு பத்து மணிக்கு மேலதிகாரியின் வாட்ஸ்அப் வந்தால் யாரை எதிர்த்து நிற்பது? ஓட்டத்துக்கு ஆயத்தமான உடம்போடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம். இதயம் ஓடுகிறது, மூச்சு ஓடுகிறது, எண்ணம் ஓடுகிறது. ஆனால் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை!

அப்படியானால் ஓட வைத்தால் என்ன? இந்தக் கேள்வி எளிமையாகத் தோன்றுகிறது. ஆனால் மருத்துவ உலகம் ஒரு காலத்தில் இதற்கு நேர்மாறாக நினைத்தது. அந்தக் கதையை நீங்கள் கேட்க வேண்டும்.

1967ஆம் ஆண்டு. அமெரிக்காவில் பிட்ஸ், மெக்ளூர் என்ற இரு ஆய்வாளர்கள், பதற்ற நோய் உள்ளவர்களின் இரத்தத்தில் லாக்டேட் என்ற பொருளை ஊசி வழியாக ஏற்றினார்கள். பெரும்பாலோருக்குப் பதற்றம் பொங்கிக்கொண்டு வந்தது. லாக்டேட் எது? கடுமையாக உழைக்கும்போது நம் தசைகளில் உண்டாகும் அதே பொருள். உடனே ஒரு முடிவு பரவியது: பதற்ற நோயாளி கடுமையாக உடற்பயிற்சி செய்தால் லாக்டேட் ஏறும், ஏறினால் பதற்றம் வரும், ஆகவே இவர்கள் உடம்பை அலட்டிக்கொள்ளக் கூடாது. லிஃப்டில் ஏறிப்போகும் நம் நண்பரின் பயத்துக்கு அறிவியலே முத்திரை குத்திவிட்டதுபோல் ஆயிற்று.

ஆனால் மெய்யாகவே நோயாளிகளை நடக்கவும் ஓடவும் வைத்துப் பார்த்தவர்கள் வேறொன்றைக் கண்டார்கள். உழைப்பால் லாக்டேட் ஏறியும், பதற்றத் தாக்குதல் வந்தவர்கள் மிகச் சிலரே. ஊசியில் ஏறுவது வேறு. உழைப்பில் ஊறுவது வேறு.

1998இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரிலிருந்து புரூக்ஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். திடீர்ப் பதற்றத் தாக்குதல் நோய் உள்ள 46 பேர். பத்து வாரங்கள். ஒரு குழுவுக்கு ஓட்டப் பயிற்சி. ஒரு குழுவுக்கு குளோமிப்ரமின் என்ற மருந்து. இன்னொரு குழுவுக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. முடிவு என்ன? வெற்று மாத்திரை உண்டவர்களைவிட, ஓடியவர்கள் தெளிவாகத் தேறினார்கள். நெஞ்சு அடித்தால் செத்துவிடுவோம் என்று பயந்தவர்கள், நெஞ்சு அடிக்க அடிக்க ஓடித் தேறினார்கள்!

ஆனால் முழு உண்மையையும் சொல்வதுதான் மேடைக்கு அழகு. மருந்து உண்டவர்கள் ஓடியவர்களைவிட விரைவாகவும் கூடுதலாகவும் தேறினார்கள். ஓட்டக் குழுவில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இடையிலேயே நின்றுவிட்டார். இந்த இரண்டையும் மறக்காதீர்கள். உடற்பயிற்சி வேலை செய்கிறது. ஆனால் மெதுவாக வேலை செய்கிறது. தொடர்பவருக்கே வேலை செய்கிறது.

இனி அண்மைக் காலத்துக்கு வருவோம். சுவீடனின் கோத்தன்பர்க் நகரம். அங்கே 286 பேரை வைத்துச் செய்த ஆய்வின் முடிவு 2022இல் அச்சானது. இவர்கள் யார்? ஆரம்ப சுகாதார மையங்களுக்கு வந்த சாதாரண மனிதர்கள். சராசரி வயது 39. பத்தில் ஏழு பேர் பெண்கள். இவர்களில் பாதிப் பேர் பத்து ஆண்டுகளாகவோ அதற்கு மேலாகவோ பதற்றத்தோடு வாழ்ந்துவந்தவர்கள். பத்து ஆண்டு! ஒரு பிள்ளை பிறந்து ஐந்தாம் வகுப்புக்குப் போய்விடும் காலம்.

அவர்களை மூன்றாகப் பிரித்தார்கள். இரண்டு குழுக்களுக்கு வாரம் மூன்று முறை, ஒரு மணி நேரம், கூட்டாக உடற்பயிற்சி. இயன்முறை மருத்துவர் உடன் நின்றார். இதயத்துடிப்பைக் கூட்டும் பயிற்சியும் இருந்தது, தசை வலுவுக்கான பயிற்சியும் இருந்தது. ஒரு குழுவுக்கு மிதமான வேகம். மற்றதற்குக் கடும் வேகம். மூன்றாவது குழுவுக்கு வெறும் அறிவுரை மட்டும். பன்னிரண்டு வாரங்கள் கழித்துப் பார்த்தார்கள். பயிற்சி செய்த இரு குழுக்களிலும் பெரும்பாலோருடைய பதற்றம் நடுத்தர அளவிலிருந்தோ உயர் அளவிலிருந்தோ தாழ்ந்த அளவுக்கு இறங்கியிருந்தது. அறிவுரை மட்டும் கேட்டவர்களோடு ஒப்பிட்டால், தேறும் வாய்ப்பு மிதமான குழுவுக்கு 3.6 மடங்கு, கடும் குழுவுக்கு 4.9 மடங்கு.

இதில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. பத்து ஆண்டு நோயும் பன்னிரண்டு வாரத்தில் இறங்கத் தொடங்குகிறது என்பது ஒன்று. அறிவுரை போதாது, பயிற்சி வேண்டும் என்பது இன்னொன்று. "வாக்கிங் போங்கள்" என்று சொல்லி அனுப்புவது எளிது. கூட வந்து நடப்பதுதான் மருந்து.

அதே சுவீடனில் வாசாலோப்பெட் என்றொரு பனிச்சறுக்குப் போட்டி நடக்கிறது. 1922இல் தொடங்கியது. தூரம் 90 கிலோமீட்டர். 1989 முதல் 2010 வரை இதில் கலந்துகொண்ட ஏறக்குறைய இரண்டு லட்சம் பேரையும், கலந்துகொள்ளாத அதே அளவு மக்களையும் மருத்துவப் பதிவேடுகள் வழியாக 21 ஆண்டுகள் வரை பின்தொடர்ந்தார்கள். சறுக்கியவர்களுக்குப் பதற்ற நோய் வந்தது ஏறக்குறைய அறுபது சதவீதம் குறைவு. இந்த எண்ணைக் கேட்டு உடனே கைதட்டிவிடாதீர்கள். மன உறுதி உள்ளவர்களே இப்படிப்பட்ட போட்டிக்குப் போவார்கள் என்றும் இதற்குப் பொருள் கொள்ளலாம் அல்லவா? அதனால் இதை மட்டும் சான்றாக வைக்க முடியாது. ஆனால் இதில் மறைந்திருக்கும் ஒரு செய்தி எனக்கு முக்கியமாகப் படுகிறது. பெண்களில் மிக வேகமாக முடித்தவர்களுக்கு, மெதுவாக முடித்தவர்களைவிடப் பதற்ற நோய் ஏறக்குறைய இரு மடங்கு. அப்போதும் அது பொதுமக்களைவிடக் குறைவுதான். இதற்கு என்ன பொருள்? முந்துவது வேறு, நலமாக இருப்பது வேறு. நமக்கு வேண்டியது பதக்கம் அல்ல, நிம்மதி.

உலகெங்கும் இதுவரை நடந்த ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டிப் பார்த்தார்களா என்று கேட்பீர்கள். பார்த்தார்கள். தென் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல், 1039 சோதனைகளையும் அவற்றில் பங்கெடுத்த 1,28,119 பேரையும் உள்ளடக்கிய ஒரு பெருந்தொகுப்பை வெளியிட்டார்கள். மனச்சோர்வு, மனப்பதற்றம், மன உளைச்சல் மூன்றையும் உடற்பயிற்சி குறைக்கிறது என்று அது சொல்கிறது. நடை, யோகா, பளு தூக்கல் என எல்லா வகைப் பயிற்சிகளும் பயன் தருகின்றன.

குறைக்கிறது, சரி. எப்படிக் குறைக்கிறது? இதுதான் இந்த உரையின் நடுநரம்பு. சற்று உன்னிப்பாகக் கேளுங்கள்.

மறுபடியும் நம் நண்பரிடம் போவோம். அவரை நடக்க வைக்கிறோம். பத்தாவது நிமிடத்தில் அவர் நெஞ்சு அடிக்கிறது. அவர் பயப்படுகிறார். ஆனால் பக்கத்தில் ஒருவர் பேசிக்கொண்டே நடக்கிறார். இருபதாவது நிமிடத்தில் வியர்க்கிறது, மூச்சு வாங்குகிறது. அந்த நள்ளிரவில் வந்த அதே படபடப்பு, அதே வியர்வை, அதே மூச்சிரைப்பு! ஆனால் ஒன்றும் ஆகவில்லை. உட்காருகிறார். தண்ணீர் குடிக்கிறார். ஐந்து நிமிடத்தில் நெஞ்சு அடங்குகிறது. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே. முப்பதாவது நாளில் அவருடைய மூளை ஒரு பாடத்தைக் கற்றுக்கொண்டுவிடுகிறது: "நெஞ்சு அடிக்கும். பிறகு அடங்கும். அடிப்பது ஆபத்து அல்ல."

மருத்துவரின் வாயால் நூறு முறை கேட்டும் நம்பாத உண்மையை, தன் காலால் ஒரு மாதம் நடந்து அவர் நம்புகிறார். பதற்ற நோயின் வேர், பெரும்பாலும், பதற்றத்தைக் கண்டு பதறுவதுதான். படபடப்புக்குப் பயம், அந்தப் பயத்தால் இன்னும் படபடப்பு, அதனால் இன்னும் பயம். இந்தச் சங்கிலியை உடைக்க உளவியல் மருத்துவர்கள், அந்த உடல் உணர்வுகளைப் பாதுகாப்பான சூழலில் வேண்டுமென்றே வரவழைத்துப் பழக்குகிறார்கள். உடற்பயிற்சி அதே பழக்கத்தை நாள்தோறும், செலவில்லாமல், தெருவில் தருகிறது. நீச்சல் கற்க நீரில் இறங்க வேண்டும். படபடப்பை வெல்லப் படபடப்பில் இறங்க வேண்டும்.

இது ஒரு வழி. இரண்டாவது வழி மூளைக்குள் நடக்கும் மாற்றங்கள். ஓடி முடித்தவருக்கு வரும் இதமான அமைதிக்கு எண்டார்ஃபின்தான் காரணம் என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். 2015இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் ஆய்வாளர்கள் எலிகளை ஓடவிட்டுச் சோதித்தார்கள். ஓடியபின் பயம் குறைவதில், உடம்பே சுரக்கும் எண்டோகன்னபினாய்டு என்ற வேறொரு பொருளுக்குப் பெரும் பங்கு இருப்பதைக் கண்டார்கள்.

முதியவர்களுக்கும் ஒரு நல்ல செய்தி உண்டு. 2011இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்றில், 120 முதியவர்களில் ஒரு பாதியினரை ஓராண்டு முறையாக நடக்க வைத்தார்கள்; மறு பாதியினர் கைகால்களை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தார்கள். நடந்தவர்களுக்கு, மூளையின் நினைவுப் பகுதியான ஹிப்போகேம்பஸ் ஏறக்குறைய இரண்டு சதவீதம் வளர்ந்திருந்தது. மற்றவர்களுக்கு அது சுருங்கியிருந்தது. எது உண்மையான ஆபத்து, எது பழைய பயத்தின் நிழல் என்று பிரித்தறிய உதவுவதும் அந்தப் பகுதிதான். அறுபது வயதிலும் மூளை வளரும் என்பதைவிட ஆறுதலான செய்தி வேறு எது?

மூன்றாவது வழி தூக்கம். உடம்பு உழைத்தால் உறக்கம் வரும். உறங்கிய மனம் எளிதில் பதறாது. நான்காவது வழி உறவு. தினமும் காலையில் மைதானத்தில் பார்க்கும் நான்கு முகங்கள், "என்ன சார், நேற்று வரவில்லையே?" என்று கேட்கும் ஒரு குரல். தனிமையில் பெருகும் நோய்க்கு அந்தக் குரலும் மருந்துதான்.

பெரியோர்களே, மருந்தின் பெருமையைச் சொன்னேன். இனி அதன் எல்லையையும் சொல்ல வேண்டும்.

2020இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு. எப்போதும் எதையாவது எண்ணிக் கவலைப்பட்டுக்கொண்டே இருக்கும் பொதுப் பதற்ற நோய் உள்ள 226 பேர். பன்னிரண்டு வாரம். குண்டலினி யோகா செய்தவர்களில் 54 சதவீதம் பேர் தேறினார்கள். மன அழுத்தம் பற்றிய பாடம் மட்டும் கேட்டவர்களில் 33 சதவீதம் பேர் தேறினார்கள். அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று சொல்லப்படும் உளவியல் பேச்சுச் சிகிச்சை பெற்றவர்களில் 71 சதவீதம் பேர் தேறினார்கள். ஆக, யோகா உதவியது உண்மை. பேச்சுச் சிகிச்சை அதைவிட உதவியது என்பதும் உண்மை.

அதனால் யாரும் இந்த அரங்கை விட்டுப் போய் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். உங்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். மனநல மருந்தைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. மருந்து உண்பவர் நடக்கலாம். நடப்பதால் மருந்து வேண்டாம் என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். இன்னொன்று. எல்லாப் படபடப்பும் மனப்பதற்றம் அல்ல. தைராய்டு சுரப்பி மிகையாக வேலை செய்தாலும் நெஞ்சு அடிக்கும். இரத்தசோகை இருந்தாலும் அடிக்கும். முதலில் ஒரு முறை சோதித்துக்கொள்ளுங்கள். நடக்கும்போது நெஞ்சில் இறுக்கமோ வலியோ வந்தால், தலை சுற்றினால், உடனே நின்று மருத்துவரிடம் போங்கள். வாழ்க்கையே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காதீர்கள். 14416 என்ற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 2022 அக்டோபர் 10ஆம் நாள் இந்திய அரசு தொடங்கிய டெலிமானஸ் சேவை அது. இரவு பகல் எந்நேரமும், கட்டணமில்லாமல், தமிழிலும் பேசலாம்.

இப்போது தாய்மார்களிடம் தனியாக ஒரு வார்த்தை. 2022ஆம் ஆண்டு நிலவரத்தைக் கணக்கிட்ட ஓர் உலகளாவிய ஆய்வின்படி, இந்தியாவில் வயதுவந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள். ஆண்களில் 42 சதவீதம். பெண்களில் 57 சதவீதம். "நான் காலையிலிருந்து இரவு வரை நின்றுகொண்டேதானே இருக்கிறேன்? வீட்டு வேலையே எக்சர்சைஸ்தானே?" என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. குனிந்து பெருக்குவதும் குடம் தூக்குவதும் உடலுழைப்புதான். உலக சுகாதார நிறுவனமும் அதைக் கணக்கில் சேர்க்கிறது. ஆனால் மனநலத்தோடு நெருங்கிய தொடர்பு உள்ளது எது என்று ஆராய்ந்தவர்கள், விரும்பிச் செய்யும் ஓய்வு நேரப் பயிற்சியைத்தான் முன்னால் வைக்கிறார்கள். பாத்திரம் தேய்க்கும்போது கை தேய்க்கிறது. மனம் அடுத்த வேளைச் சமையலில், மாமியாரின் மருந்தில், பிள்ளையின் வீட்டுப்பாடத்தில் இருக்கிறது. உங்களுக்கென்று நீங்கள் நடக்கும் அரை மணி நேரத்தில்தான் மனமும் உங்களோடு நடக்கிறது.

ஆகவே வீட்டு ஆண்களே, உங்கள் மனைவிக்கு, உங்கள் அம்மாவுக்கு, உங்கள் அக்காவுக்கு அந்த அரை மணி நேரத்தைக் கொடுங்கள். காலைச் சமையலில் ஒரு கை கொடுத்தால் போதும், அந்த அரை மணி நேரம் கிடைத்துவிடும்.

எவ்வளவு செய்ய வேண்டும்? உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன அளவு இது: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான பயிற்சி, கடும் பயிற்சியாக இருந்தால் 75 முதல் 150 நிமிடம். அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. ஒரு நாளைக்கு முப்பது நிமிடம், வாரத்துக்கு ஐந்து நாள் என்று வைத்துக்கொண்டால் 150 வந்துவிடுகிறது. மிதமான வேகம் என்றால் என்ன? கூட வருபவரோடு பேச முடிய வேண்டும்; ஆனால் பாட முடியக் கூடாது. இதை அளக்க எந்தக் கருவியும் வேண்டாம்.

ஆனால் முதல் நாளே முப்பது நிமிடம் என்று தொடங்காதீர்கள். பதற்றம் உள்ளவருக்கு வாசற்படி தாண்டுவதே மலை. முதல் வாரம் பத்து நிமிடம் நடக்கட்டும். வாரம் ஐந்து நிமிடம் கூட்டட்டும். வெயில் ஏறும்முன் முடித்துக்கொள்ளட்டும். தெருவில் நடக்க இடமில்லையா? மொட்டை மாடி இருக்கிறது. தரையில் எட்டு வரைந்து நடக்கும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. பூங்கா பக்கத்தில் இருந்தால் அங்கே போகட்டும். ஆட்டம் பிடிக்குமென்றால் ஆடட்டும். சைக்கிள் பிடிக்குமென்றால் மிதிக்கட்டும். எது பிடிக்கிறதோ அதுதான் நீடிக்கும். நீடிப்பதுதான் பலன் தரும். ஒரு நாள் விட்டுப்போனால் குற்ற உணர்ச்சி வேண்டாம். மறுநாள் செருப்பை மாட்டிக்கொண்டால் சரி.

நடக்கும்போது நெஞ்சு படபடத்தால், அதை அடக்கப் போராட வேண்டாம். "வா, உன்னைத் தேடித்தான் வந்தேன்" என்று சொல்லிக்கொண்டு வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, நடையைத் தொடருங்கள். அது வந்ததையும் கவனியுங்கள். அது போவதையும் கவனியுங்கள்.

நண்பர்களே, நிறைவாக ஒன்று சொல்லி முடிக்கிறேன். இந்த அரங்கில் அந்த நள்ளிரவு நண்பரைப் போன்றவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து, "உனக்கு என்ன குறை? எல்லாம் உன் கற்பனை" என்று சொல்லாதீர்கள். அவர்கள் நெஞ்சு அடிப்பது கற்பனை அல்ல. அவர்களுக்கு நீளமான அறிவுரையும் வேண்டாம். கோத்தன்பர்க் ஆய்வில் அறிவுரை மட்டும் கேட்ட குழு பின்தங்கியது என்பதை நினைவில் வையுங்கள். நாளைக் காலை ஐந்தரை மணிக்கு அவர் வீட்டு வாசலில் போய் நில்லுங்கள். "வாங்கண்ணே, பத்து நிமிஷம் நடந்துட்டு வரலாம்" என்று கூப்பிடுங்கள். அவர் மறுத்தால் மறுநாளும் போய் நில்லுங்கள்.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்று நின்றுபோனவர்களின் கைகளும் கால்களும் மறுபடி ஓடட்டும். அவர்கள் முதல் அடி எடுத்துவைக்கும்போது பக்கத்தில் நீங்கள் இருங்கள்.